முத்துராக்குவின் நாக்கு

சோற்றில் மண் கடிக்கிறது என்று மீனா சொன்னபோது, தமிழ்வாணி முதலில் அரிசியைத்தான் குறை சொன்னாள். ரேஷன் அரிசி வேறு எப்படி இருக்கும் என்று கடைக்காரனில் ஆரம்பித்து கலெக்டர் வரைக்கும் மனசுக்குள் திட்டித் தீர்த்துவிட்டு, மறுநாள் காசு கொடுத்து வாங்கிய பொன்னி அரிசியை முறத்தில் போட்டுப் புடைத்து, கல் பொறுக்கி, மூன்று தண்ணீரில் களைந்து, குழைய வடித்து, கையாலேயே மசித்து, பால் ஊற்றிச் சர்க்கரை போட்டு மகள் முன்னால் வைத்தாள். மீனா ஒரு வாய் வாங்கினாள். இரண்டு தரம் மென்றாள். அப்புறம் தாடையை அசைக்காமல், நாக்கை மட்டும் வாய்க்குள் மெல்லச் சுழற்றியபடி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னமும் கடிக்குதும்மா."

தமிழ்வாணி அதே கிண்ணத்திலிருந்து ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். வெண்ணெயாக இறங்கியது. மகளின் வாயைத் திறக்கச் சொல்லி, செல்போன் டார்ச்சை அடித்து, பல் பல்லாகப் பார்த்தாள். வெள்ளைச் சோறுதான் இருந்தது. "மென்னு முழுங்கு" என்று அதட்டினாள். பயந்துபோய் மீனா மென்றாள். அவனியாபுரத்துக்கு மேலே தாழ்வாகப் பறந்து விமானம் ஒன்று இறங்கிப் போயிருந்தது. மத்தியான வெயிலில் தெருவே ஆளில்லாமல் கிடந்தது. அந்த அமைதியில்தான் தமிழ்வாணிக்கு அது கேட்டது. குழந்தையின் கன்னத்துக்குள்ளிருந்து, மணல் கொட்டிக் கிடக்கிற சிமெண்டுத் தரையில் செருப்பைத் தேய்த்து நடப்பது போல, நற நற என்று ஒரு சத்தம்.

கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள்.

மீனாவுக்கு ஆறு வயது. முழுப் பெயர் முத்துமீனா. ஒன்றரை மாதத்துக்கு முன்பு வரை அவள் தலையோடு தலை ஒட்டி இன்னொருத்தி இருந்தாள், முத்துராக்கு. உச்சந்தலை சாய்வாக ஒட்டிப் பிறந்தவர்கள். ஒருத்தி வாசலைப் பார்த்தால் இன்னொருத்தி அடுப்படியைப் பார்ப்பாள். எழுந்தால் சேர்ந்து எழுந்திருக்க வேண்டும், சாய்ந்தால் சேர்ந்து சாய வேண்டும். அவர்களை வேடிக்கை பார்க்க வராத ஆள் கிடையாது. சித்திரையில் அழகர்கோவிலுக்குப் போகிற வேன்கள்கூட வழி விசாரித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றன. தெய்வப் பிறவி என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பழம் வைத்துக் கும்பிடுவார்கள். தெருமுனைக் குழாயில் கையைக் கழுவிவிட்டுத்தான் வண்டி ஏறுவார்கள். தமிழ்வாணி அதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

டாக்டர்களுக்கு அவர்கள் தெய்வம் இல்லை, அதிசயம். இரண்டு மூளைக்கும் நடுவில் விரல் கனத்துக்கு ஒரு பாலம் இருக்கிறது என்றார்கள். ஒருத்தி கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு இன்னொருத்தியிடம் சீப்பைக் காட்டினால், கட்டப்பட்டவள் "சீப்பு" என்பாள். ஒருத்தி வாயில் ஜீனியைப் போட்டால் இன்னொருத்தி சப்புக் கொட்டுவாள். ஒருத்தி உள்ளங்காலைச் சொறிந்தால் இரண்டு பேரும் நெளிவார்கள். வெளியூரிலிருந்து வந்த டாக்டர்கள் கைதட்டிச் சிரித்தார்கள், வீடியோ எடுத்தார்கள், மறுபடியும் செய்யச் சொன்னார்கள்.

தமிழ்வாணி பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் அவளே எடுத்துவிடுவாள். எப்போதும் ராக்குவின் கையில்தான். மீனாவைக் குத்தினால் வீடு இரண்டாகும். ராக்கு அழ மாட்டாள். வலி எப்படியும் இரண்டு பேருக்கும்தான் போகப்போகிறது, அழாத பிள்ளையைக் குத்தினால் சத்தமாவது குறையுமே என்பது தமிழ்வாணியின் கணக்கு. பேச்சும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து மீனாவே பேசிவிடுவாள். ராக்கு எப்போதாவது ஒரு வார்த்தை சொல்வாள். அப்பா "வாணி" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அம்மாவை "வாணிம்மா" என்று கூப்பிடுவாள். உலகத்தில் வேறு யாரும் தமிழ்வாணியை அப்படிக் கூப்பிட்டதில்லை.

போன வைகாசியில் ராக்குவின் இதயம் தளர்ந்துவிட்டது என்று சொன்னார்கள். அவள் போனால் இவளும் கூடவே போய்விடுவாள், பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். நடுவில் பெரிய ரத்தக்குழாய் ஒன்றுதான் இருக்கிறது, அதை யாராவது ஒருத்திக்குத்தான் வைக்க முடியும் என்று பெரிய டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அவள் புருஷன் சூர்யபிரகாஷ் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லேத் பட்டறையில் நூலிழை பிசகாமல் இரும்பை வெட்டுகிற மனுஷன், பேனாவைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டான். தமிழ்வாணிதான் எடுத்து, மீனாவுக்கு என்று கையெழுத்துப் போட்டாள். போட்டது சரி என்று அன்றைக்கும் நினைத்தாள், அதற்குப் பிறகும் நினைத்தாள். ராத்திரிகளில் மட்டும் அந்தப் பேனா விழுந்த சத்தம் கேட்கும்.

சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் அவர்கள் வழக்கம். பரவைக்கு அந்தப் பக்கம் சூர்யபிரகாஷின் ஊரில், கண்மாய்க் கரை மயானத்தில் ராக்குவைப் புதைத்தார்கள். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. தமிழ்வாணி எப்படியும் ஆஸ்பத்திரியில் மீனாவின் கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

மண் கடிக்கிற விஷயத்தை டாக்டரிடம் சொன்னாள். அவர் நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டார். "கால் எடுத்தவங்களுக்கு இல்லாத கால்ல விரல் அரிக்கும்மா. மூளைக்குப் பழக்கம் விடாது. ஆறு வருஷமா இன்னொரு உடம்பைச் சேர்த்துச் சுமந்த மூளை. பாலத்தை வெட்டியாச்சு, இனிமே அந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணும் வராது. போகப் போகச் சரியாயிரும்." தமிழ்வாணிக்கு அது நியாயமாகப் பட்டது. பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவளுக்கு, காரணம் சொல்கிறவர் மேல் ஒரு நம்பிக்கை உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வாங்கி மீனாவுக்குக் கொடுத்தாள். மீனா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துப் புறங்கையைப் பார்த்தாள். ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற பார்வை அது.

நான்கு நாள் கழித்து, பிற்பகல் மூன்று மணிக்கு, வெயில் சுவரைக்கூடச் சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பாயில் படுத்திருந்த மீனா கால்களை மார்போடு ஒடுக்கிக்கொண்டு நடுங்கினாள். மின்விசிறியை நிறுத்தினாலும் நடுக்கம் நிற்கவில்லை. "முதுகு நனையுதும்மா" என்றாள். தமிழ்வாணி கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். முதுகு காய்ந்துதான் இருந்தது. குழந்தையின் கைகளைப் பிடித்து உள்ளங்கைகளை விரித்தாள். பத்து விரல் நுனியும், ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறினது போல வெளுத்துச் சுருங்கியிருந்தன.

தமிழ்வாணியின் அண்ணன் ராஜபாண்டி பரவை மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்குகிறவன். அவனுக்குப் போன் போட்டாள். எடுத்ததும் இரைச்சல்தான் கேட்டது.

"என்ன தாயி? சத்தமாச் சொல்லு! இங்க வெளுத்து வாங்குது, தார்ப்பாய்க்குள்ள நிக்கோம்!"

"மழையாண்ணே?"

"எம்புட்டு மழைங்கிற! தக்காளியெல்லாம் மிதக்குது. அங்க இல்லையா?"

ஜன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்ட மிளகாய் வெயிலில் சிவந்து கிடந்தது. தமிழ்வாணி போனை வைத்தாள்.

அதற்கப்புறம் அவள் டாக்டரிடம் போகவில்லை. எதைச் சொல்வது? காதுக்குள் எறும்பு ஊர்கிறது என்று மீனா தலையை உதறுவதையா? இல்லை, கன்னத்தில் ஏதோ வேர் உரசுகிறது என்று படுக்கையில் இடம் மாற்றிப் படுப்பதையா? தூங்குகிற குழந்தையின் மூச்சை அருகில் போய் முகர்ந்து பார்த்தாள். கடப்பாறையால் அப்போதுதான் கொத்திப் புரட்டின ஈர மண்ணின் வாசம் வந்தது. பல் தேய்த்துவிட்டாள், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வைத்தாள், ஏலக்காயை இடித்து நாக்கில் தடவினாள். வாசம் போகவில்லை. மீனாவுக்கு இருட்டும் வந்திருந்தது. பட்டப்பகலில் "லைட்டைப் போடும்மா" என்பாள். போட்டாலும், "அங்க இல்ல" என்பாள்.

எங்கே என்று தமிழ்வாணி கேட்கவில்லை.

மீனா இளைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பதினைந்து கிலோ. மாதம் முடிகிறபோது பன்னிரண்டுக்கு வந்துவிட்டாள். எதை வாயில் வைத்தாலும் மண்ணோடு சேர்த்து முழுங்க வேண்டியிருக்கிறதே, அந்தப் பிள்ளை எத்தனை வாய்தான் முழுங்கும்! விலா எலும்பு தெரிந்தது. கழுத்து நூலானது. கையெழுத்துப் போட்டு வாங்கிவந்த ஒற்றைப் பிள்ளை கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தாள். தமிழ்வாணிக்கு மற்ற பயமெல்லாம் இந்த ஒரு பயத்துக்குள் அடங்கிவிட்டது. இவளாவது இருக்க வேண்டும்.

தெரிந்த வேலையைத்தான் அவளால் செய்ய முடியும். சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சூர்யபிரகாஷைத் தனியே கூப்பிட்டு, "மயானத்துக்குப் போங்க மாமா. ஏதாச்சும் ஒண்ண வாங்கிட்டுப் போய் அங்க ஊத்துங்க. என்னன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவன் எதையும் கேட்பதில்லை.

பதினொன்றேகாலுக்கு மீனா சுவரில் சாய்ந்து பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சட்டென்று சீப்பு நின்றது. உதடு குவிந்தது. இரண்டு மாதமாக ஒரு சிரிப்பைப் பார்க்காத அந்த முகத்தில், மூக்கைச் சுருக்கிக்கொண்டு, சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது.

"சுர்ருங்குதும்மா."

"என்ன சாமி?"

"இனிப்பா, சுர்ருனு. மூக்குல ஏறுது." நாக்கால் உதட்டைத் துழாவினாள். "பன்னீர் சோடா."

தமிழ்வாணி அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்தாள். மீனா சொன்னதை அப்படியே சொன்னாள். அந்தப் பக்கம் சூர்யபிரகாஷ் அழுதான். ஆஸ்பத்திரியில் அழாதவன், மண் அள்ளிப் போடும்போது அழாதவன், வெட்டவெளியில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். "அவளுக்குப் பிடிக்கும்ல வாணி... அவளுக்கு டேஸ்ட் தெரியுது... எம்புள்ளைக்கு டேஸ்ட் தெரியுது வாணி!" அவன் சந்தோஷத்தில் அழுகிறான் என்று தெரிந்தபோது தமிழ்வாணி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் பட்டறைக்குப் போகும் முன் அவன் பைக்கை எடுத்துக்கொண்டு பதினைந்து கிலோமீட்டர் போய் வந்தான். ஒருநாள் பால், ஒருநாள் ரோஸ்மில்க், ஒருநாள் கரும்புச்சாறு. ஒன்பது மணி வாக்கில் மீனாவின் தொண்டை தானாக அசையும். பார்க்கச் சகிக்காது. வயிறு காலியாகவே இருக்க, வாய் மட்டும் முழுங்கிக்கொண்டிருந்தது. வெறும் வாயைக் குடித்துக் குடித்து அவள் பதினொரு கிலோவுக்கு இறங்கினாள். குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை.

ராஜபாண்டி வந்து தங்கச்சி மகளைப் பார்த்துவிட்டு, வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். தமிழ்வாணி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நம்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"சின்னப்புள்ளைய எரிக்கக் கூடாதும்பாக. அதான் புதைச்சோம்" என்றான்.

"இப்ப எடுத்து எரிக்கலாமாண்ணே?"

"என்ன பேசுற நீ?"

"எரிச்சுட்டா அங்க நாக்குன்னு ஒண்ணு இருக்காதுல்ல? காது, முதுகு... ஒண்ணும் இருக்காதுல்ல?"

ராஜபாண்டி உள்ளே போய் மீனாவை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தான். மயானத்தைப் பார்த்துக்கொள்கிற சோணை தனக்குப் பழக்கந்தான் என்று கடைசியில் சொன்னான். வெளியே தெரியாமல், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து முடித்துவிடலாம். சின்ன உடம்பு, இரண்டு இரண்டரை மணி நேரத்தில் ஆகிவிடும்.

சூர்யபிரகாஷ் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "சுடாதா வாணி?" என்றான்.

அதை அவள் யோசிக்காமலா இருந்தாள்! ஸ்கேன் எடுக்கும் முன்னால் கொடுக்கிற தூக்க மருந்து ஒரு புட்டி அவளிடம் இருந்தது. அதையும் இரண்டு நாள் முன்பே சோதித்துவிட்டாள். மீனாவுக்கு மருந்தைக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, மயானத்தில் இருந்த புருஷனை மண்ணில் ஓங்கி ஓங்கிக் குத்தச் சொன்னாள். முழித்திருந்தால் ஒவ்வொரு குத்துக்கும் மீனாவுக்கு உடம்பு தூக்கிப் போட்டிருக்கும். அன்று இமைகூட அசையவில்லை. "மருந்து குடுத்துருவேன் மாமா. நாலு மணி நேரம் கல்லாட்டம் தூங்குவா. இவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

சூர்யபிரகாஷ் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தான். உள்ளே மீனா இருமும் சத்தம் கேட்டது. எழுந்து போய்விட்டான்.

புதன்கிழமை. பத்தரை மணிக்கு மருந்தைக் கொடுத்தாள். மண்ணோடுதான் அதையும் முழுங்கினாள் பிள்ளை. பதினொரு மணிக்கு நல்ல தூக்கம். தமிழ்வாணி கதவைத் தாழ் போட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். பாயில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையை அவள் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். மூச்சு ஏறி இறங்கியது. வெளியே ஷேர் ஆட்டோக்காரன் யாரையோ கூப்பிட்டான். தெருக்கோடிப் பட்டறையில் இரும்பு தட்டும் சத்தம் விட்டு விட்டு வந்தது. சாத்தின ஜன்னலின் இடுக்கு வழியாக ஒரு கோடு வெயில் தரையில் விழுந்து, அதில் தூசி சுற்றிக்கொண்டிருந்தது.

பதினொன்று நாற்பதுக்குப் போன் அதிர்ந்தது. ராஜபாண்டி.

"வச்சாச்சு தாயி. எருமுட்டை நல்லாக் காஞ்சது. பத்திக்கிச்சு."

அவள் மகளைப் பார்த்தாள். அசைவில்லை. நெற்றியைத் தொட்டாள். குளுமையாக இருந்தது. உள்ளங்கை, உள்ளங்கால், கழுத்து எல்லாம் குளுமை. ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம். மூச்சு சீராகவே இருந்தது. முகம் தெளிவாக இருந்தது. பல நாளாக இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒன்று தமிழ்வாணியின் நெஞ்சுக்குள் அவிழ்ந்தது. அழுகை வந்தது. முழித்ததும் என்ன கொடுக்கலாம் என்று யோசித்தாள். இட்லி கொடுக்கலாம். பால் விட்டுப் பிசைந்து, ஒரு இட்லி. மண் கடிக்காது. இனிமேல் எதுவுமே கடிக்காது.

ஏதோ கருகும் வாசம் வந்தது.

எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. சிலிண்டரை மூடினாள். பக்கத்து வீட்டில் எதையாவது கொளுத்துகிறார்களா என்று சுவரோடு நின்று முகர்ந்தாள். இல்லை. அறைக்குள் வந்தால்தான் வாசம் அதிகமாக இருந்தது. பாயருகே இன்னும் அதிகம். எரு எரிகிற வாசம். மண்ணெண்ணெய். குனிந்தாள்.

மீனாவின் மூச்சில்.

கண் மூடியிருந்தது. இமைக்குள் அசைவில்லை. கை கால் துவண்டு கிடந்தது. நல்ல தூக்கம். உதடு மட்டும் திறந்தது.

"வாணிம்மா."

தமிழ்வாணி பின்னால் நகர்ந்தாள். சுவர் இடித்தது.

"வாணிம்மா, வெளிச்சம் வந்திருச்சு."

மெல்லிய குரல். பேசிப் பழகாத குரல். மீனாவின் நாக்கு அந்த வார்த்தையை ஒருநாளும் சொன்னதில்லை. அதில் சந்தோஷம் இருந்தது. ரொம்ப நாள் இருட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு யாரோ கதவைத் திறந்துவிட்ட சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைக் கேட்ட பிறகுதான் தமிழ்வாணிக்குப் புரிந்தது. இத்தனை நாளாக மண்ணைத் தின்றது யார் என்று. நனைந்தது யார் என்று. புருஷன் ஏன் அழுதான் என்று. சுடாதா என்று அவன் யாருக்காகக் கேட்டான் என்று. அவள் சோதிக்காத ஒரே விஷயம் அதுதான். அங்கே யாராவது இருக்கிறார்களா என்று அவள் கேட்கவே இல்லை.

"வாணிம்மா... கால் சுடுது."

போன். கையிலிருந்து வழுக்கியது. மறுபடியும் எடுத்தாள். ஒரு ரிங். இரண்டு. எடுத்தான்.

"அணைங்கண்ணே! தண்ணிய ஊத்தி அணைங்க!"

"என்ன தாயி? புள்ள முழிச்சிருச்சா?"

"அவ இல்லண்ணே... அணைங்க... ராக்கு... உயிரோட..."

"ஏ வாணி, இங்க பாரு. பாதியில அணைக்கக் கூடாது. பாதி எரிஞ்சும் எரியாமயும் விட்டா அது அலையும்பாக. வீட்டுக்கே ஆகாது. சோணை விட மாட்டான். இன்னும் ரெண்டு மணி நேரந்தான், பொறுத்துக்க."

"அவங்ககிட்டக் குடுண்ணே! மாமாகிட்டக் குடு!"

"மாப்ள தூரத்துல உக்காந்து காதைப் பொத்திக்கிட்டு அழுகுறாப்ல. நீ பயப்படாத. முடிஞ்சதும் நானே போன் போடுறேன்."

வைத்துவிட்டான். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

பதினைந்து கிலோமீட்டர். ஆட்டோவில் முக்கால் மணி நேரம். பெண்கள் போகக் கூடாத இடம். போனாலும் என்ன மிச்சம் இருக்கும்? இவளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

"வாணிம்மா."

இப்போது சத்தம் ஏறியிருந்தது. சந்தோஷம் இல்லை.

"வாணிம்மா, கையி. வாணிம்மா, எடு. என்னை எடு."

மீனாவின் விரல் ஒன்று துடித்தது.

தமிழ்வாணி அதைப் பார்த்தாள். அடுத்த விரல். புருவம் லேசாகச் சுருங்கியது. இமை ஓரத்தில் வெள்ளைக் கோடு. தூக்கம் கலைகிறது. கத்தினால் இவள் முழித்துக்கொள்வாள். முழித்துக்கொண்டால் இவளுக்கும் தெரியும். எல்லாம் தெரியும். பதினொரு கிலோ. தாங்க மாட்டாள். செத்துப்போவாள்.

வாய் அகலமாகத் திறந்தது. கத்தப் போகிறது.

தமிழ்வாணி மகளின் தலையைத் தன் மடியில் இழுத்து அணைத்தாள். வலது கையை அந்த வாயின் மேல் வைத்தாள். மூக்கை மறைக்காமல், வாயை மட்டும், இறுக்கி, மூடினாள்.

சத்தம் நின்றது.

மீனாவின் விரல்கள் அடங்கின. புருவம் நேரானது. இமை மூடிக்கொண்டது. மூச்சு மறுபடியும் சீராக ஏறி இறங்கியது. நெற்றி குளுமையாகவே இருந்தது. வெளியே இன்னொரு விமானம் இறங்கியது. தெருவில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள்.

மணி பன்னிரண்டு பத்து. இரண்டு மணி தாண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். அவள் கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்குள், அடுப்பு வாயில் கை வைத்தது போன்ற சூட்டில், அந்தச் சின்ன உதடுகள் அவள் பேரைச் சொல்லி அசைந்துகொண்டே இருந்தன.